ஒரே சட்டத்தில் பன்னிரண்டு பறவைகள்

போன ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் தலையணை உறை வாங்கப் போனேன். தரையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருந்த குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினால், அடியிலிருந்து ஒரு மீன்கொத்தி மேலே வந்தது. நீல முதுகு, நீண்ட அலகு, காலுக்குக் கீழே ஊதாப் பூக்கள், பின்னால் ஒன்றுமே இல்லாத வெள்ளை. விற்றுக்கொண்டிருந்த பெண், "டிஜிட்டல் பிரிண்ட்டு அக்கா, சாயம் போவாது" என்றாள். நான் பறவையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். உறையை வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கவில்லை. அந்த மீன்கொத்தியின் மேல் தலை வைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த மீன்கொத்தியை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து டவுனுக்குள் ஒரு பிரேம் கடையில் வேலை பார்த்தேன். பி.காம். முடித்தவள் கண்ணாடி வெட்டுகிறாளே என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வேலை செய்த மில் மூடிக் கிடந்தது. வீட்டில் யாராவது ஒருவர் காலையில் கிளம்பிப் போக வேண்டியிருந்தது, நான் கிளம்பினேன். அந்தக் கடைக்கென்று ஒரு வாசனை இருந்தது. தேக்குத்தூள், கண்ணாடி துடைக்கிற மண்ணெண்ணெய், பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசை, மூன்றும் சேர்ந்தது. இப்போதும் எங்காவது சுவரொட்டி ஒட்டுகிறவர் வாளியைக் கடந்தால் எனக்குப் பசிக்கும். மத்தியானச் சாப்பாட்டை அந்தப் பசை வாளிக்குப் பக்கத்தில்தான் சாப்பிடுவேன்.

சாமி படம், கல்யாணப் படம், போய்ச் சேர்ந்தவர்களின் படம், முதல் வகுப்பில் தேறிய சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவோம். ஒரு முருகர் படத்தைப் பார்த்தால் அது எந்த ஊர் அச்சு என்று சொல்லிவிடுவேன். அதனாலேயே எனக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை.

ஒருநாள் காலையில் ரோசலின் அக்கா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாற்பது வயதிருக்கும், ராத்திரி டியூட்டி முடித்து வெள்ளைச் சேலையோடே நேராகக் கடைக்கு வந்திருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு. அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்தபோது, கடையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு ஜப்பானியரிடம் வாங்கிய படங்களாம். அப்பா இறந்தபின் தகரப்பெட்டியைத் திறந்தால் துணிகளுக்கு நடுவில் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. பன்னிரண்டுக்கும் சட்டம் வேண்டும், சாயங்காலம் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கடை முதலாளி தனகோபால் அண்ணன் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சீனாக்காரன் காலண்டர் என்று முடிவு செய்தார். பத்துக்குப் பதினாலு அளவில் சட்டங்கள் தயாராக இருந்தன. படங்கள் அதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். ஓரமெல்லாம் வெற்றுத்தாள்தானே, வெட்டிக்கோ என்று சொல்லிவிட்டு மரக்கடைக்குப் போனார். நான் மேலே இருந்த படத்தை எடுத்தேன், இரும்பு ஸ்கேலை வைத்தேன், பிளேடால் ஒரே இழுப்பாக இழுத்தேன். எனக்குக் கை நடுங்காது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

வெட்டிய பிறகுதான் பார்த்தேன். கையில் வந்த துண்டில் சின்னதாக, சதுரமாக, குங்குமத்தில் தோய்த்து ஒற்றியது போல ஒரு முத்திரை. அதற்குக் கீழே நெடுக்காக நாலு எழுத்து. வெட்டுப்பட்ட மீன்கொத்தி மேசையில் கிடந்து என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்போது தெரிந்தது. அளந்திருந்தேன், அவ்வளவுதான். குனிந்து பார்த்தேன். நிழலே இல்லை. பறவைக்குப் பின்னால் மலை, வீடு, சூரியன் எதுவும் இல்லை. முக்கால்வாசித் தாள் சும்மா கிடந்தது, ஆனால் அந்தச் சும்மாவில் தண்ணீர் இருந்தது, ஈரம் இருந்தது. மேலே நீலம் அடர்ந்து தொடங்கிக் கீழே வரவரக் கரைந்து காணாமல் போயிற்று. அந்த நீலத்துக்குள் மரத்தின் ரேகைகள் ஓடின. பலகையில் செதுக்கி அச்சுப் போட்ட படம் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. தாளுக்குள் எப்படி மரம் வந்தது என்று விரலால் தடவிப் பார்த்தேன். பறவையின் காலுக்குக் கீழே இருந்த ஊதாப் பூவை ஆகாயத்தாமரை என்று நினைத்தேன். அப்படியே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துண்டை டிபன் பைக்குள் ஒளித்தேன். மீதிப் பதினொன்றையும் வெட்டவில்லை. அண்ணன் திரும்பி வந்ததும், தைரியமாக ஒரு யோசனை சொன்னேன். கடை வாசலில் தொங்கும் சாமி படங்கள் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய் நீலமாகிவிடுவதை அவரே எத்தனை முறை காட்டியிருக்கிறார். பன்னிரண்டையும் சுவரில் மாட்டினால் கடற்கரை வெளிச்சத்தில் எத்தனை நாள் நிற்கும்? பெரிய சட்டமாக ஒன்றே ஒன்று செய்வோம். உள்ளே ஓரத்தை மறைக்கும்படி அட்டை வைப்போம். பின்பலகையை ஆணியடித்து மூடாமல், திருப்பினால் திறக்கிற தகடு வைப்போம். மாசம் ஒரு பறவை வெளியே, மீதி பெட்டியில்.

அண்ணன் என்னை முறைத்தார். "பதினோரு பிரேமை நீயே வேணான்னு சொல்ற, நல்லா இருக்கு." ஆனால் நேர்மையான மனிதர், வெளுப்பது உண்மை என்பதால் சாயங்காலம் ரோசலின் அக்காவிடம் அவரே அப்படித்தான் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அக்கறையாக யார் சொல்வார்கள் என்றார். அந்த அட்டை என் வெட்டை மறைக்கத்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

முதல் மாசம் முடிந்து படம் மாற்ற எனக்குச் சொல்லி அனுப்பினார். தகடு திருப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் அக்காவுக்குப் பயம். சின்ன வயதில் அந்தப் பெட்டியை அவர் தொட்டால் அவருடைய பப்பா, அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், உன் கையில் எண்ணெய் இருக்கும் என்று விரட்டுவாராம். தம்பி லூயியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுவாராம். அக்கா கதவுப் பக்கமாக நின்று பார்ப்பாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீடு குருசுக்குப்பத்து ஓரத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரே ஒரு சுவர்தான் உப்புப் பூக்காத சுவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு நான் போவேன். மாசத்தின் முதல் வாரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாயில் உட்கார்ந்து, பழைய பறவையைப் பெட்டியில் வைத்துப் புதிய பறவையை எடுப்போம். பிறகு டீ. பிறகு பார்த்துக்கொண்டே இருப்போம். ஒரு படத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்கு ஒரு மாசம் போதவில்லை.

மூன்றாவது மாசம் செல்வி வந்தார். மீன் விற்கிறவர், கூடையை வாசலில் இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டவர், எட்டிப் பார்த்து அப்படியே உள்ளே வந்துவிட்டார். சட்டத்தில் அப்போது மழையில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. மழை எப்படி என்றால், மேலிருந்து கீழே நேர்க்கோடுகள், அவ்வளவுதான். கழுத்தை இழுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் கொக்கு.

"இத வரஞ்ச ஆளு கொக்கு பக்கத்துல நின்னு நனைஞ்சிருக்கான்" என்றார் செல்வி. மழை வரப்போகிறது என்றால் கொக்கு ஒரு மாதிரி நிற்கும், வந்துவிட்டால் வேறு மாதிரி நிற்கும், இது வந்து ரொம்ப நேரமாகிவிட்ட கொக்கு என்று விளக்கினார். நானும் அக்காவும் அந்தக் கொக்கை ஒரு வாரமாகப் பார்த்து, அழகு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. அன்றிலிருந்து செல்வி வராமல் நாங்கள் பறவை மாற்றியதில்லை. பூக்களுக்கு மட்டும் அவருக்கும் பெயர் தெரியாது. அடுக்கடுக்காக இதழ் வைத்த ஒரு பெரிய ரோஸ் நிறப் பூவுக்கு அவர் கோஸ் பூ என்று பெயர் வைத்தார். அது பியோனி என்று பின்னால் தெரிந்தும் நாங்கள் மாற்றவில்லை.

அப்பாவை நான் கூட்டிப் போனது தற்செயல்தான். என் சைக்கிள் பஞ்சர், அவர் தன் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார். மில் மூடியதிலிருந்து அப்பா பேசுவது குறைந்திருந்தது. மில்லில் துணிக்கு அச்சுப்போடும் பகுதியில் இருந்தவர். வாசலிலேயே நிற்கிறேன் என்றவரை ரோசலின் அக்கா விடவில்லை. உள்ளே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூங்கிலில் உட்கார்ந்த சிட்டுக்குருவியைக் கிட்டே போய்ப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "கலருக்கு ஒரு கட்டை. ஏழு கட்டை போட்டிருக்கான்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. ஒரே தாள், ஏழு முறை, ஏழு பலகையில் அழுத்தி எடுத்தது என்றார். ஒரு முறை தவறினாலும் மொத்தமும் போச்சு. பிறகு குருவியின் வாலைக் காட்டி, இங்கே மட்டும் பழுப்புக் கட்டை ஒரு நூல் நகர்ந்திருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மில் சங்கு ஊதிய காலத்தில் பார்த்ததுதான்.

பெட்டியில் இருந்த மற்றவற்றையும் கேட்டார். கொக்குப் படத்தைக் கையில் வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தார். எங்களை அருகில் கூப்பிட்டார். வெள்ளைக் கொக்கின் வெள்ளை உடம்பு முழுக்க இறகுகள் எழும்பி நின்றன. மையே தொடாத கட்டையால் அழுத்தியிருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் இறகு. செல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொடாமல், தாளுக்கு மேலே விரலை ஓட்டினார். ஒரு மாசம் முழுக்கச் சுவரில் இருந்தும் எங்களுக்கு அந்த இறகுகள் தெரியவில்லையே என்று ரோசலின் அக்கா சிரித்த சிரிப்பில் அண்டைவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நிற்பார்.

மறு வருஷம் ஆகஸ்டில் லூயி வந்தார். பிரான்சில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை லீவு. நல்ல மனிதர்தான், ஆனால் வந்ததும் படங்களில் பாதி தனக்கு வேண்டும் என்றார். பப்பா காட்டிய படங்கள், தனக்கும் ஞாபகம் வேண்டாமா என்றார். அக்காவால் மறுக்கவும் முடியவில்லை, சம்மதிக்கவும் முடியவில்லை. ஆறு ஆறாகப் பிரிப்பதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டையும் பாயில் பரப்பினோம். அட்டை இல்லாமல், சட்டம் இல்லாமல் எல்லாம் ஒன்றாக வெளியே இருந்தது அன்றைக்குத்தான்.

லூயி முதலில் மீன்கொத்தியை எடுத்தார். எடுத்தவர் ஓரத்தைத் தேடினார். "இங்க செவப்பா ஒரு முத்திரை இருந்துச்சே?"

அப்படி ஒன்று இல்லை என்றார் அக்கா. இருந்தது என்றார் லூயி. பப்பா மடியில் உட்கார்ந்து, பார்த்து முடித்தபின் அந்த முத்திரையில் சுண்டுவிரலை வைத்து அழுத்துவாராம். அதுதான் அவர்கள் இருவருக்கும் விளையாட்டாம். மற்ற பதினொன்றில் இருக்கிறதே, இதில் மட்டும் எங்கே? அக்காவின் குரல் உயர்ந்தது. தான் தொடக்கூடக் கூடாதென்று வைத்திருந்த படங்கள், தனக்கு எப்படித் தெரியும் என்றார். லூயி, உன்னிடம் கொடுத்துவைத்தால் இப்படித்தான் என்றார். அதற்குமேல் இருவரும் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார்கள். சண்டை எந்த பாஷையில் நடந்தாலும் சண்டை என்று தெரிந்துவிடும். செல்வி தரையைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தான் வெட்டினேன்" என்றேன்.

துண்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். முதலியார்பேட்டை வரை எப்படிப் போனேன் என்று தெரியாது. துண்டு என் பிளஸ் டூ மார்க்ஷீட் உறைக்குள் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். வேலை போய்விடும், அக்கா போய்விடுவார், அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையை எதிர்பார்த்துப் போனவளுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. செல்வி, அமைதி பொறுக்காமல், ஒவ்வொரு பறவையையும் லூயிக்குச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். கொக்கு நனைந்த கதை, கோஸ் பூ, எல்லாம். அப்பா கொக்கைச் சாய்த்து இறகைக் காட்டியிருக்கிறார். பப்பாவின் மடியில் அவ்வளவு வருஷம் உட்கார்ந்தும் லூயி அந்த இறகைப் பார்த்ததில்லை.

துண்டை நீட்டினேன். லூயி வாங்கி, சுண்டுவிரலை முத்திரை மேல் வைத்தார். விரல் முத்திரையை முழுசாக மூடிவிட்டது. எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லூயி துண்டை அக்கா பக்கம் நகர்த்தி, "நீயும் வை" என்றார். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தயங்கினார், பிறகு வைத்தார்.

அப்பா அரிசிக் கஞ்சி கேட்டார். வடிகட்டிய கஞ்சியை மெல்லிய தாளில் தடவி, பின்பக்கமாக வைத்து, வெட்டின இடத்தைச் சேர்த்து ஒட்டினார். ஒரு நூல்கூட நகரவில்லை. கோடு மட்டும் தெரிந்தது. லூயி கிளம்பும்போது அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இங்கேயே இருக்கட்டும் என்றார். "அங்க இத எனக்கு யாரு சொல்லுவாங்க?"

"ஒரு வருஷமா என் வூட்ல டீ குடிச்சியே" என்றார் ரோசலின் அக்கா, அவ்வளவுதான். அந்த வாக்கியம் என்னை இன்னும் டீயில் சர்க்கரை குறைவாகப் போட வைக்கிறது. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்ததும். அப்பா மட்டும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பிறகு கழற்றிவிடுவார். மாசம் முடிந்த அன்று அக்காவே கடைக்கு வந்தார். தனகோபால் அண்ணனிடம் நலம் விசாரித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே, "தகடு இறுகிக்கிச்சு, திருப்ப முடியல. ஞாயித்துக்கெழம வா. அப்பாவையும் இட்டுனு வா" என்றார். போய்ப் பார்த்தேன். தகடு எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு திரும்பியது.

ஒரு சிக்கல் இருந்தது. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம், பறவை பதினொன்று. மீன்கொத்தியின் மாசத்தில் என்ன மாட்டுவது என்று யோசித்து, கடைசியில் வெறும் அட்டையோடு சட்டத்தை மாட்டினோம். நம்ப மாட்டீர்கள், அந்த மாசம்தான் பேச்சு அதிகம். இல்லாத மீன்கொத்தியின் அலகு எந்தப் பக்கம் பார்த்தது என்று அப்பாவும் செல்வியும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினார்கள். அக்கா லூயிக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். பதில் வருவதற்குள் அடுத்த பறவை வந்துவிட்டது.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. எனக்குக் கல்யாணமாகி உழவர்கரைக்குப் போனேன்; அங்கிருந்தும் வந்தேன், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு அக்கா விருப்ப ஓய்வு வாங்கினார், லூயியின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பினார். படங்களும் அவரோடு போயின. போக வேண்டிய இடம்தான். மீன்கொத்தியோடு பன்னிரண்டும் சேர்ந்து, ஒரு வருஷம் அங்கே முழுசாகிவிட்டது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை எதை மாட்டுவது என்று கேட்டபோது செல்வி உள்ளானைக் கேட்டார். அலை ஓரத்தில் ஓடும் சின்னப் பறவைகள், ஏழெட்டு, எல்லாம் ஒரே பக்கம் ஓடுகின்றன. அலை ஒரு நீலக் கோடு, மீதி வெறும் தாள். "கால் நனையாது பாரு. அல வந்தா பின்னால ஓடும், போனா முன்னால ஓடும்" என்றார் செல்வி. அப்படி எந்தப் பறவையால் முடியும் என்றார் அப்பா. அதற்கென்ன, போய்ப் பார்த்தால் தெரிகிறது என்று அக்கா படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு எழுந்தார். நாலு பேரும் என் மகளும் கரைக்கு நடந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. அகலமான மணல், ஈரத்தில் உள்ளான்கள் படத்தில் இருந்தபடியே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் கால் நனையவில்லை. நாங்களும் ஓடிப் பார்த்தோம். முதல் அலையிலேயே அத்தனை பேருக்கும் முழங்கால்வரை நனைந்தது. ரோசலின் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. பிரேம் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அக்காவின் வீட்டை இடித்து மூன்று மாடியில் லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். செல்வி இருக்கிறார், மகன் வீட்டில், கூடை தூக்குவதில்லை. போன மாசம் பார்க்கப் போனபோது என்னைக் கைப்பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனார். மணல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் மட்டும் தெருவோரம் வரை கிடக்கிறது. அலை அதில் வந்து மோதித் திரும்புகிறது, உள்ளான் ஒன்றுகூட இல்லை. செல்வி கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"ஓடறதுக்கு எடம் வேணும் இல்ல, அதுங்களுக்கு" என்றார்.